துமிந்த சில்வாவுக்குப் பொதுமன்னிப்பு: சரியா, பிழையா?

கொழும்பான் | 24 ஜூன் 2021

பயணத்தடையால் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும்போது ஃபோனில் செய்தி விழுந்தது. துமிந்த சில்வா வெளியே வந்துவிட்டார். பொசன் போயா (பௌத்தர்களின் பௌர்ணமித் திருநாள்) பொதுமன்னிப்பாம். அதே நாளில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே இருந்த 16 தமிழ்க் கைதிகளும் விடுதலை.

தமிழகத்து ஆட்களும் இங்கே இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2011 ஒக்டோபர் 8, உள்ளூராட்சித் தேர்தல் நாள். முல்லேரியாவில் இரண்டு கோஷ்டி மோதிக்கொண்டது. இரண்டுமே ஆளுங்கூட்டணிக் கோஷ்டிதான். பாரத லக்‌ஷ்மன் பிரேமச்சந்திர என்ற முன்னாள் எம்.பி.யோடு சேர்த்து நான்கு உயிர் போனது. துமிந்தவுக்கும் தலையில் சூடு பட்டு, சிங்கப்பூர் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். அப்போது அவர் எம்.பி., பாதுகாப்பு அமைச்சின் கண்காணிப்பு எம்.பி.யும்கூட. அந்த அமைச்சின் செயலாளராக அப்போது இருந்த கோட்டாபய ராஜபக்சதான் இன்று ஜனாதிபதிக் கதிரையில் இருக்கிறார். 2016 செப்டெம்பரில் மேல் நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. 2018 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஜனாதிபதிக்கு மன்னிக்கும் அதிகாரம் இருக்கிறது, அதில் சண்டையில்லை. இந்த ஆளுக்கு, இந்த விதமாகக் கொடுத்தது சரியா? கட்சிச் சண்டை வேண்டாம், விஷயத்தைப் பேசுவோம்.

சுருட்டுக்கடை | 24 ஜூன் 2021

கட்சிச் சண்டை வேண்டாமெண்டு தொடங்கின ஒரு திரியாவது சண்டையில்லாமல் முடிஞ்சதோ?

தம்பி, இதில என்ன புதினம்? போன வருசம் மார்ச்சில ஊரடங்கு போட்டு எல்லாரும் வீட்டுக்குள்ள இருக்கேக்க யாழ்ப்பாணத்து மிருசுவிலில கொலை செய்த ஆமிக்காரனை விட்டவை. 2000 டிசம்பரில, தங்கட வீடுவளவு எப்பிடிக் கிடக்குதெண்டு பாக்கப்போன எட்டுச் சனம். அதில சின்னப் பிள்ளையளும். வெட்டி மலசலகூடக் குழிக்குள்ள போட்டது. தீர்ப்பு வர 2015 ஆச்சுது, உயர் நீதிமன்றம் உறுதி செய்ய 2019 ஆச்சுது. வெளியில விட ஒரு கையெழுத்துத்தான். அண்டைக்கு கொழும்பில எத்தினை பேர் சட்டத்தின் ஆட்சியைப் பற்றிக் கதைச்சவை? இப்ப தங்கட ஆள் செத்த வழக்கு எண்டவுடன எல்லாருக்கும் நெஞ்சு பதறுது.

மருதானை மச்சான் | 24 ஜூன் 2021

நான் எதிர்ப்பக்கம் நின்று பேசுறேன், அடிக்க வராதீங்க.

அந்தத் தீர்ப்பு ஏகமனதா வரல்ல. மூணு நீதிபதியில ரெண்டு பேர் குற்றவாளின்னாங்க, ஒருத்தர் இல்லன்னாரு. மரண தண்டனைக்கு 2-1 போதுமா? அதுக்குப் பொறகு 2020 ஜனவரியில ரஞ்சன் ராமநாயக்கவோட ஃபோன் ஒலிப்பதிவுகள் வெளிய வந்திச்சு. அதுல இந்த வழக்க விசாரிச்ச நீதிபதிகள்ல ஒருத்தரோட அவர் பேசினதும் இருக்கு. ஒரு அரசியல்வாதி நீதிபதிக்கு ஃபோன் எடுத்துப் பேசுறாருன்னா, தண்டனை பட்டவனுக்கு சந்தேகம் வருமா வராதா? உயர் நீதிமன்றம் முடிச்சிருச்சு, இனிமே போறதுக்குக் கோர்ட் இல்ல. அப்பிடிப்பட்ட இடத்துக்குத்தான் பொதுமன்னிப்புன்னு ஒண்ணு இருக்கு. எம்.பி.மார் கூட்டமா கையெழுத்து வச்சு மனு குடுத்தாங்களே, எதிர்க்கட்சிப் பக்கமிருந்தும் கையெழுத்து விழுந்திச்சு. எல்லாரும் முட்டாளா?

கொழும்பான் | 24 ஜூன் 2021

மச்சான், உன் வாதம் லேசானதில்லை. ஒலிப்பதிவு வந்தது உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு. ஐந்து நீதியரசர்களும் அதைக் கேட்டிருக்க வழியில்லை. அதுவரை உன்னோடு ஒத்துப்போகிறேன்.

ஆனால் அதுதான் காரணம் என்றால் அதை எழுதியிருக்க வேண்டுமே? அரசியல் யாப்பின் 34ஆம் உறுப்புரையை எடுத்துப் பார். மரண தண்டனைக் கைதி என்றால் வழக்கை விசாரித்த நீதிபதியிடம் ஜனாதிபதி அறிக்கை கேட்க வேண்டும். அது சட்டமா அதிபருக்கு (அட்டர்னி ஜெனரல்) போய், அவருடைய ஆலோசனையோடு நீதி அமைச்சருக்கு வந்து, அமைச்சர் தன் சிபாரிசோடு ஜனாதிபதிக்கு அனுப்ப வேண்டும். ஜனாதிபதி அந்த ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடதாசி அந்த வழியாகத்தான் நடக்க வேண்டும். நடந்ததா? சட்டத்தரணிகள் சங்கம் கேட்பதும் அதைத்தான்.

நான் கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் ஆறு வருடம் கிளார்க்காக இருந்தவன். மரண தண்டனைக் கைதிகளின் கோப்புகள் எங்கள் மேசைக்கும் வரும். பழுப்பு நிறக் கோப்பு, மேலே சிவப்பு நாடா. ஒரு அறிக்கை வரவே ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம். நீதிபதி ஓய்வு பெற்றிருப்பார், இல்லை இடம் மாறியிருப்பார். இந்த நாட்டில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. அதனால் அந்தக் கைதிகளுக்கு இந்தக் கோப்பு நகர்ந்தால்தான் வாழ்க்கை நகரும். மரணம் ஆயுளாகி, ஆயுள் வருடக்கணக்காகி, ஒருநாள் வீட்டுக்குப் போவார்கள். அது தண்டனைக் குறைப்பு. அதை நான் எதிர்த்ததேயில்லை. சிறையில் கிடந்து நரைத்தவனை விடுவதும், உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து மூன்று வருடத்துக்குள் ஒருவரை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்புவதும் ஒன்றா?

நெல்லைக்காரன் | 25 ஜூன் 2021

ஒரு சந்தேகம். உயர் நீதிமன்றம் உறுதி செய்தால் உச்ச நீதிமன்றம் போகலாமே? ஏன் போகவில்லை?

சுருட்டுக்கடை | 25 ஜூன் 2021

ஐயா, எங்கட உயர் நீதிமன்றம்தான் உங்கட உச்ச நீதிமன்றம். உங்கட உயர் நீதிமன்றம் எங்களுக்கு மேல் நீதிமன்றம். ரெண்டு தமிழும் இந்த ஒரு இடத்தில மோதாத திரியே இல்லை.

நெல்லைக்காரன் | 25 ஜூன் 2021

விளங்கியது, மன்னிக்கவும். அப்படியென்றால் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று பொருந்தும். ஆந்திராவில் கௌரு வெங்கட ரெட்டி என்று ஒரு காங்கிரஸ்காரர், கொலை வழக்கில் தண்டனை பெற்றவர். மனைவி எம்.எல்.ஏ. 2005இல் ஆளுநர் மீதித் தண்டனையைத் தள்ளுபடி செய்தார். செத்தவரின் குடும்பம் உச்ச நீதிமன்றம் போனது. கோப்பைத் திறந்து பார்த்தால், இவர் ‘நல்ல காங்கிரஸ் தொண்டர்’ என்று அதிகாரி அறிக்கையிலேயே எழுதி வைத்திருந்தார்களாம்! 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்தது. சாதி, மதம், அரசியல் விசுவாசம் பார்த்து மன்னிக்கக் கூடாது, மன்னிப்பை நீதிமன்றம் ஓரளவுக்கு ஆராயலாம் என்றது. எபுரு சுதாகர் வழக்கு என்று தேடிப் பாருங்கள்.

ஆனால் ஒன்று. நாங்கள் பேரறிவாளன் விடுதலைக்காக வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறோம். அமைச்சரவை தீர்மானம் போட்டு 2018 செப்டம்பரில் அனுப்பியது இன்னும் அப்படியே கிடக்கிறது. எனவே மன்னிக்கும் அதிகாரத்தையே வெட்டிவிடுங்கள் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன்.

ரொறன்ரோ பேரன் | 25 ஜூன் 2021

அமெரிக்காவில் இதற்கு ஒரு நடுவழி பார்த்திருக்கிறார்கள். உப ஜனாதிபதி செய்னியின் தலைமை அதிகாரி லூயிஸ் லிபி, 2007இல் பொய்ச்சத்தியத்துக்கும் நீதிக்கு இடையூறு செய்ததற்கும் குற்றவாளியானார். 30 மாதச் சிறை, இரண்டரை இலட்சம் டொலர் அபராதம். ஜோர்ஜ் புஷ் சிறையை மட்டும் ரத்து செய்தார். குற்றத்தீர்ப்பும் அபராதமும் அப்படியே நின்றன. தண்டனை கூடிப்போனது, அதற்காக ஜூரியின் தீர்ப்பை நான் அழிக்கமாட்டேன் என்கிற மாதிரி ஒரு விளக்கமும் எழுதிக் கொடுத்தார். முழு மன்னிப்பு 2018இல் டிரம்ப் வந்து கொடுத்ததுதான். புஷ் செய்ததையும் பலர் திட்டினார்கள், அது வேறு. ஆனால் திட்டுவதற்குக் கையில் ஒரு கடதாசி இருந்தது. நமக்கு அதுவுமில்லை.

மருதானை மச்சான் | 25 ஜூன் 2021

அமெரிக்காவ இழுக்காதீங்க மச்சான். அவங்க தூதுவர் அம்மா நேத்தே ட்வீட் போட்டுட்டாங்க, தமிழ்க் கைதிகள விட்டது நல்லது, துமிந்தவ விட்டது சட்டத்தின் ஆட்சிக்குக் கேடுன்னு. அவங்க ஊர்ல டிரம்ப் போற போக்குல யார் யாருக்குக் குடுத்துட்டுப் போனாரு, அதக் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க.

வன்னித்தங்கை | 26 ஜூன் 2021

இந்தத் திரியை ரெண்டு நாளா வாசிச்சுக்கொண்டு சும்மா இருந்தனான். எழுதவேணும் போல இருக்கு.

என்ர அண்ணா உள்ளுக்கு. பயங்கரவாதத் தடைச் சட்டம், ஆயுள். அந்த 16 பேரில அவர் இல்லை. வெளியில வந்த ஆக்களில கனபேருக்குத் தண்டனைக்காலம் முடியிற கட்டம் எண்டு சொல்லுகினம். இருக்கட்டும், அவையின்ர அம்மாமார் சந்தோசப்படட்டும்.

2018இல கிளிநொச்சியில ஒரு கைதியை மனைவியின்ர செத்தவீட்டுக்குக் கொஞ்ச நேரம் கொண்டுவந்தவை. ஞாபகம் இருக்கோ? திரும்பப் போகேக்க அவரின்ர சின்ன மகள் தகப்பனோட சிறை வாகனத்தில ஏறிப்போட்டுது. அந்தப் படம் எல்லாப் பேப்பரிலயும் வந்தது. கையெழுத்து வேட்டை நடந்தது. ஜனாதிபதியைச் சந்திச்சினம். பொதுமன்னிப்பு வரேல்லை.

அம்மா அண்ணாவுக்காக மூண்டு தரம் மனு எழுதினவ. ஒருதரம் ஒரு அலுவலகத்தில இருந்து பதில் வந்தது. முழுக்கச் சிங்களம். அம்மா அதை ஒரு சொப்பிங் பையில சுத்தி, மழையில நனையாமல் நெஞ்சோட அணைச்சுக்கொண்டு, பஸ் ஏறிப் போய்ச் சிங்களம் தெரிஞ்ச ஒரு மாஸ்டரிட்டக் குடுத்தவ. அவர் வாசிச்சுப்போட்டு, “கடிதம் கிடைச்சதாம் அம்மா” எண்டார். “பிறகு?” எண்டு அம்மா கேட்டா. “அவ்வளவுதான்” எண்டார். அந்தக் கடிதம் இப்பவும் சாமிப்படத்துக்குப் பின்னால இருக்கு.

அதால நான் துமிந்தவை விட்டது பிழையெண்டு கத்தப்போறதில்லை. ஒருத்தரை விடலாமெண்டா மற்றவையையும் விடலாம்தானே? அவரை விட்ட கதவால எங்கட ஆக்களும் வந்தா எனக்குக் காணும்.

சுருட்டுக்கடை | 26 ஜூன் 2021

தங்கச்சி, உங்கட அம்மாவின்ர கதைக்கு முன்னால எனக்கு வாய் திறக்க மனமில்லை. ஆனா ஒண்டு சொல்லவேணும், கோவிக்காதையுங்கோ.

அந்தக் கதவு எல்லாருக்குமான கதவில்லை. 16 பேரையும் அவரையும் ஏன் ஒரே நாளில விட்டவை? எங்கட பெடியளைக் காட்டினா நாங்கள் வாய் திறக்க ஏலாது. திறந்தா, உங்கட ஆக்களை விட்டதும் பிழையோ எண்டு கேப்பினம். கறிவேப்பிலை மாதிரி வாசத்துக்குப் போட்டிருக்கு. நாமல் ராஜபக்ச அவையை விடுறதுக்கு ரெண்டு நாளுக்கு முன்னம் பாராளுமன்றத்தில தமிழ்க் கைதிகளுக்காக உருகினது ஏனெண்டு இப்ப விளங்குதோ?

மருதானை மச்சான் | 26 ஜூன் 2021

நோக்கம் கெட்டதாவே இருக்கட்டும் அண்ணே. 16 வீட்டுல வெளக்கு எரியுதே. அது கெட்டதா?

சுருட்டுக்கடை | 26 ஜூன் 2021

இல்லை. அதுதான் வயித்தெரிச்சல்.

கொழும்பான் | 26 ஜூன் 2021

வன்னித்தங்கை, உங்கள் அம்மாவின் கடிதமும் துமிந்தவின் மன்னிப்பும் எனக்கு ஒரே வியாதியாகத்தான் தெரிகிறது. உங்களுக்கு ஏன் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கு ஏன் என்றும் யாரும் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் வாய் மூடியிருப்பது ஒரே ஆள்.

மன்னிப்பை நிறுத்துங்கள் என்பது என் வாதமில்லை. கொடுத்தாலும் மறுத்தாலும் காரணத்தை எழுது என்கிறேன். காரணம் இல்லாத இடத்தில் செல்வாக்குத்தான் காரணமாகிவிடும். வன்னியிலிருந்து பஸ் ஏறி வருகிற அம்மாவுக்கு அந்த விளையாட்டில் ஒருநாளும் வெற்றி கிடைக்காது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயலை எதிர்த்து, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி, அடிப்படை உரிமை மனு போடலாம். 19ஆவது திருத்தத்தில் வந்த வழி. 20ஆவதில் அதை எடுத்துவிடப் பார்த்தார்கள். அதற்கு சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதால் தப்பியது. ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். செத்தவரின் மகள் ஹிருணிகா போடுவார் என்றுதான் நினைக்கிறேன்.

ரொறன்ரோ பேரன் | 18 ஜூலை 2021

மேலே தூக்கிவிடுகிறேன். தேசிய வீடமைப்பு அதிகார சபைக்குத் தலைவராகத் துமிந்தவைப் போட்டிருக்கிறார்கள். மரண தண்டனைக் கைதிக்கு ஒரு மாதத்துக்குள் அரச கதிரை. மச்சான் எங்கே?

மருதானை மச்சான் | 18 ஜூலை 2021

இங்கதான் இருக்கேன். இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. தீர்ப்புல சந்தேகம்னு சொன்னது இப்பவும் நிக்குது. ஆனா சந்தேகத்துக்காக விட்டவனுக்கு யாரும் கதிர போட மாட்டாங்க. அத ஒத்துக்கிறேன்.

கொழும்பான் | 1 ஜூன் 2022

இத்தனை மாதம் கழித்துத் தூசி தட்டுகிறேன். நேற்று உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பை இடைநிறுத்தி, ஆளைக் கைது செய்யச் சொன்னது. இன்று ஆஸ்பத்திரியில் வைத்துக் கைது. பாரத லக்‌ஷ்மனின் மனைவி, மகள் ஹிருணிகா, ஒரு சட்டத்தரணி என மூன்று மனு. எரிவாயு வரிசையில் நிற்கும்போது எனக்குப் பின்னால் நின்றவர்தான் சொன்னார். அவருக்கு அதைவிட இன்று காஸ் வருமா என்பதுதான் கவலை.

நெல்லைக்காரன் | 1 ஜூன் 2022

எங்கள் பக்கத்திலும் ஒன்று நடந்துவிட்டது. மே 18இல் உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விட்டுவிட்டது, அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவில். உங்கள் நீதிமன்றம் ஒருவரை உள்ளே அனுப்புகிறது, எங்கள் நீதிமன்றம் ஒருவரை வெளியே விடுகிறது. இரண்டுக்கும் காரணம், கையெழுத்துப் போடும் இடத்தில் ஒழுங்கு இல்லை.

கொழும்பான் | 17 ஜனவரி 2024

முடிந்தது. நீதியரசர்கள் சுரசேன, கோதாகொட, ஒபேசேகர மூவரும் 2021 மன்னிப்பைச் சட்டப்படி செல்லாது என்று ரத்து செய்துவிட்டார்கள். தன்னிச்சையானது, பகுத்தறிவுக்குப் பொருந்தாதது, அன்றைய ஜனாதிபதி ஏன் கொடுத்தார் என்பது அவருக்கே வெளிச்சம் என்ற தொனி. இந்தத் திரியின் முதல் பக்கத்தை ஒருதரம் போய் வாசித்துவிட்டு வந்தேன், கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது. மன்னிக்கவும்.

சுருட்டுக்கடை | 17 ஜனவரி 2024

கர்வப்படும். ஆனா மிருசுவில் மனு இன்னும் இழுபடுதே? கொழும்பில செத்த ஆளின்ர மகள் அரசியலில நிண்டவ, ரீவியில வந்து கதைச்சவ. மிருசுவிலில செத்த சனத்துக்கு ஆர் ரீவியில வாறது?

ரொறன்ரோ பேரன் | 17 ஜனவரி 2024

ஆனால் அண்ணை, இந்தத் தீர்ப்பு இனி அந்த வழக்கிலும் மேசையில் இருக்கும். காரணமில்லாத மன்னிப்பு நிற்காது என்று ஒருதரம் சொல்லிவிட்டால், அடுத்த மனுவில் சட்டத்தரணி அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்.

சுருட்டுக்கடை | 17 ஜனவரி 2024

வைக்கட்டும். குழிக்குள்ள கிடந்த எட்டுப் பேரின்ர பேரும் ஒருக்கா அந்த மேசையில வாசிக்கப்படட்டும். பிறகு நம்புறன்.

மருதானை மச்சான் | 7 ஜூன் 2024

இன்னொண்ணும் விழுந்திருச்சு. றோயல் பார்க் கொலை வழக்கு, ஜனாதிபதி மைத்திரி பதவி விட்டுப் போற நேரத்துல 2019 நவம்பர்ல குடுத்த மன்னிப்பு. அதையும் நேத்து உயர் நீதிமன்றம் தூக்கிருச்சு. ஆனா அந்த ஆள் எப்பவோ நாட்ட விட்டுப் போயிட்டான். இனிமே புடிச்சுக் கொண்டு வரணும்.

கோட்டா மட்டும்னு நெனச்சுப் பேசினவங்களுக்கு இது. எல்லாக் கலர்லயும் நடந்திருக்கு.

வன்னித்தங்கை | 9 ஜூன் 2024

கொழும்பான் அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? போன மாசம் அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் செய்தது. சாமிப்படத்தைத் துடைக்கேக்க அந்தக் கடிதம் கீழ விழுந்தது. இலக்கம், திகதி எல்லாம் இருக்கு. முந்தி நான் எழுதினது, அந்தக் கதவால எங்கட ஆக்களும் வந்தாக் காணுமெண்டு. இப்ப அந்தக் கதவை நீதிமன்றம் பூட்டிப்போட்டுது. எங்களுக்கு ஏதும் வழி இருக்கோ? மன்னிப்புத் தாங்கோ எண்டு இல்லை. அண்டைக்கு ஏன் தரேல்லை எண்டு மட்டும் கேட்டு எழுதலாமோ?

கொழும்பான் | 9 ஜூன் 2024

எழுதலாம் தங்கச்சி. அந்தக் கடித இலக்கத்தைப் போட்டு, அந்த மனு மீது என்ன முடிவு, என்ன காரணம், யாரிடம் அறிக்கை கேட்டார்கள் என்று மூன்று கேள்வி. மனுவாக எழுதாமல், 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பமாகப் போடுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். இல்லை என்றாலும் எழுத்தில் சொல்ல வேண்டும், அதன் மேல் முறையீடு செய்யலாம்.

தமிழிலேயே எழுதுங்கள். பதிலையும் தமிழில் கேட்டு ஒரு வரி போடுங்கள். மூலக் கடிதத்தை அனுப்பாதீர்கள், பிரதி மட்டும். பதிவுத் தபாலில் போட்டு, அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வரைவை எழுதி எனக்குத் தனிமடலில் போடுங்கள். இரவு பார்த்துத் தருகிறேன்.